பேய்க்கு ஒரு நியாயம் வேண்டும்: கைக்காசில் பழிவாங்கும் பேய்ப்படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

பேய்ப்படம் எடுக்கப் போகிறேன் என்பவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த கேமரா என்பார், எந்த லென்ஸ் என்பார், பேய்க்கு என்ன மேக்கப் என்பார். அந்தப் பேய் ஏன் வந்தது என்று கேட்டால் மட்டும், "அதுக்கு செகண்ட் ஹாஃப்ல ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்குங்க" என்று முடித்துக்கொள்வார். பழிவாங்கும் பேய்க்கதையில் பைசா செலவில்லாமல் கிடைக்கிற பெரிய சொத்தே அந்த "ஏன்"தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டு, இல்லாத காசை மேக்கப்பிலும் கிராஃபிக்ஸிலும் கொட்டுகிறோம். பிறகு யாரும் பயப்படவில்லையே என்று வருத்தப்படுகிறோம்.

கையில் சொற்பக் காசு, நாலைந்து நண்பர்கள், ஒரு வீடு. இவ்வளவுதான் இருக்கிறது என்ற கணக்கில் இதை எழுதுகிறேன்.

1. முதலில் குற்றம், பிறகு பேய்

"நீலிக் கண்ணீர்" என்று இன்றும் சொல்கிறோம். அந்த நீலியின் கதையைத் திரைக்கதை எழுதுகிறவரின் கண்ணோடு மறுபடி பாருங்கள். கதைக்குப் பல வடிவங்கள் உண்டு, சாரம் இது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனை வழிமறிக்கிறாள். அவனிடம் மந்திர வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷன் கைவிட்டுவிட்டான் என்று பழையனூர்ப் பெரியவர்கள் முன்னால் அழுகிறாள். இவள் பெண்ணே இல்லை, பேய் என்று அவன் கதறுகிறான். யாரும் நம்பவில்லை. உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று எழுபது பேர் வாக்குக் கொடுத்து, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே இடத்தில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதைப் படமாக்க என்ன வேண்டும்? ஒரு அறை, ஒரு கதவு, ஒரு வாள், அழத் தெரிந்த ஒரு நடிகை. பேய் பறக்கவில்லை, முகம் கோரமாகவில்லை. நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு கதவைச் சாத்துகிறார்களே, அந்த இடத்தில்தான் வயிறு பிசைகிறது. அதற்கு மேல் இன்னொன்று: அவளுக்கு நடந்தது அநியாயம். அதற்கு விலை கொடுத்த எழுபது பேர் அதில் சம்பந்தப்படாதவர்கள். நியாயமாகத் தொடங்கிய பழி எங்கே வரம்பு மீறுகிறது என்று சொல்ல முடியாத அந்தக் குழப்பம் படம் முடிந்த பிறகும் பார்ப்பவரோடு கூடவே வரும்.

ஜப்பானில் 1825இல் மேடையேறிய 'யோத்சுயா கைதான்' கபுகி நாடகத்திலும் இதே சூட்சுமம்தான். கணவன் இயேமோனின் துரோகத்தால், விஷத்தில் முகம் சிதைந்து சாகிறாள் ஓய்வா. அவனோ வேறொருத்தியை மணக்கிறான். மணப்பெண்ணின் முகத்தில் ஓய்வாவின் முகம் தெரிய, பதறிப்போய் வெட்டிவிடுகிறான். வெட்டிய பிறகு பார்த்தால் மணப்பெண்தான். பேய் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. குற்றவாளியின் கையாலேயே வேலை முடிகிறது. சினிமாவில் இதற்கு ஆகும் செலவு ஒரே ஒரு கட்.

ஆகவே திரைக்கதையைத் தொடும் முன் ஒரே ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதுங்கள். யார் யாருக்கு என்ன செய்தார்? அதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர் யார்? அந்தக் குற்றத்தால் வந்த ஆதாயத்தை இன்று யார் அனுபவிக்கிறார்? பேயால் எது முடியாது?

என் அனுபவத்தில் இரண்டாவது கேள்விதான் தங்கச் சுரங்கம். கொலைகாரனைப் பேய் கொல்வதில் ஆச்சரியம் இல்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னலைச் சாத்திக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரைத் தேடி அது வரும்போதுதான், எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் வாழ்க்கையில் சாத்திய ஜன்னலை நினைத்துக்கொள்வார். மூன்றாவது கேள்வி பொருட்களைத் தரும். செத்தவளின் கைக்கடிகாரம் இன்று யார் கையில் ஓடுகிறது என்பது ஒரு ஷாட்டில் முடிகிற பெரிய விஷயம்.

நான்காவது, பேய்க்கான விதி. செத்த விதத்திலிருந்தே அது பிறக்கட்டும். பூட்டிய அறையில் மூச்சுமுட்டிச் செத்தவளுக்குக் கதவுகள் சொந்தம். திறந்தவெளியில் அவளுக்குச் சக்தி இல்லை. 'ஜு-ஆன்' என்ற ஜப்பானியப் படங்களில் கயாக்கோ என்ற பேயின் தொண்டையிலிருந்து வரும் அந்தக் கரகர சத்தம் ஏதோ ஒரு பயங்கர ஒலியாக ஒட்டப்பட்டதல்ல. கணவன் அவள் கழுத்தை முறித்திருக்கிறான். சத்தமே சாட்சி. அதை இயக்குநர் டகாஷி ஷிமிசு தன் தொண்டையிலிருந்தே எழுப்பினார், அதற்கும் செலவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. பெண் பேய் என்றதும் பாலியல் வன்முறையைப் பின்கதையாக வைப்பது சோம்பேறித்தனமான பழக்கமாகிவிட்டது. வைத்தே ஆகவேண்டும் என்றால் அந்தச் சம்பவத்தைக் காட்டாதீர்கள். அதன் பிறகு அவளை எப்படி நடத்தினார்கள் என்பதைக் காட்டுங்கள். ஏமாற்றிப் பறித்த கையெழுத்து, கூப்பிட்டும் வராத உதவி, பொய்ச் சாட்சி இவையெல்லாம் பேய் வருவதற்குப் போதுமான அநியாயங்கள்தான்.

2. இருக்கிற இடத்துக்குக் கதை எழுதுங்கள்

கதையை எழுதிவிட்டு லொக்கேஷன் தேடுவது காசுள்ளவர்களின் முறை. நாம் தலைகீழாகப் போக வேண்டும். அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி, சால்ட் லேக் சிட்டி அருகே கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்தார். அந்த இடத்தைச் சுற்றிப் பிறந்ததுதான் 1962இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. படத்தில் துரத்தும் பேயாக அவரே நடித்தார். ஓரன் பெலி 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யைத் தன் சொந்த வீட்டில் ஏழே நாளில், ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்தார். அவர் காட்டியது பெரும்பாலும் ஒரு படுக்கையறை, ஒரு கதவு, திரையின் மூலையில் ஓடும் நேர எண்கள்.

கிடைக்கக்கூடிய வீட்டில் ஒரு ராத்திரி தனியாக உட்காருங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம். எந்தப் பக்கம் முதுகைக் காட்ட மனம் வரவில்லையோ, அங்கேதான் உங்கள் கேமரா நிற்க வேண்டும். படிக்கட்டின் வளைவா, பரண் வாயா, எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மணி நேரம் எந்த ஸ்டோரிபோர்டையும்விட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

முழுநீளப் படத்துக்கு முன் எட்டுப் பத்து நிமிடத்தில் ஒன்று எடுத்துப் பாருங்கள். சாம் ரைமி 'ஈவில் டெட்' எடுப்பதற்கு முதலீட்டாளர்களிடம் காட்டவென்றே 1978இல் 'வித்தின் த வுட்ஸ்' என்ற சிறு படத்தை எடுத்தார். கயாக்கோவும் முதலில் தலைகாட்டியது சில நிமிடக் குறும்படங்களில்தான். குறும்படம் சொதப்பினால் இழப்பு ஒரு வார இறுதி. முழுநீளம் சொதப்பினால் நண்பர்களும் போய்விடுவார்கள்.

3. திரைக்கதை: ஃப்ளாஷ்பேக்கைச் சொட்டுச் சொட்டாக

இருபது நிமிட ஃப்ளாஷ்பேக் என்பது பேய் படத்தை நிறுத்திவிட்டுத் தன் கதையைச் சொல்வது போன்றது. அதுவரை கட்டி வைத்த பயம் அத்தனையும் இறங்கிவிடும். அதைத் துண்டு துண்டாக உடையுங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒரு பொருள். அடுத்து, அந்தப் பொருளைப் பார்த்ததும் ஒருவர் பேச்சை மாற்றுகிறார். பிறகு இரண்டு பேர் ஒரே சம்பவத்தை வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள். உண்மை முழுவதும் வெளியே வரும் கணத்தில் பார்வையாளர் கட்சி மாற வேண்டும்: அதுவரை யார் பிழைக்க வேண்டும் என்று நினைத்தாரோ, அவர் மாட்டட்டும் என்று நினைக்க வேண்டும். உடனே அடுத்த காட்சியில் அந்த நினைப்பு அவருக்கே கசக்க வேண்டும். குற்றத்தில் பங்கில்லாத ஒருவர் பேயின் வழியில் வந்து நிற்கட்டும்.

சாவுகளை ஏணி மாதிரி அடுக்காதீர்கள். மூன்று சாவு போதும், இரண்டானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராயச்சித்த வாய்ப்பைக் கொடுங்கள். உண்மையை ஒப்புக்கொண்டால் விட்டுவிடும் போலிருக்கிறது. ஆள் கடைசி நொடியில் பொய் சொல்கிறார். இந்தக் காட்சிக்குத் தேவை இரண்டு நாற்காலிகளும் நல்ல வசனமும்தான்.

4. ஆட்கள், நாட்கள்

நாலு நடிகர்கள், ஐந்தாறு பேர் குழு, பத்து நாள். இதற்கு மேல் போனால் சாப்பாட்டுச் செலவே படத்தை விழுங்கிவிடும். குற்றவாளியாக நடிப்பவர்தான் உங்கள் குழுவிலேயே சிறந்த நடிகராக இருக்க வேண்டும். பேயைப் பார்த்து நாம் பயப்படுவதில்லை. பேயைப் பார்க்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம்.

வீட்டுக்குள் நடக்கும் இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுங்கள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் வெளிப்பக்கம் மூடினால் போதும். விடிய விடிய ஷூட்டிங் என்பது கேட்க வீரமாக இருக்கும். மூன்றாம் நாள் ஃபோகஸ் பார்க்கிறவர் நின்றபடியே தூங்குவார். வெளிப்புற இரவுக்கு, சூரியன் மறைந்த பிறகு வானம் நீலமாக இருக்கும் இருபது முப்பது நிமிடத்தைப் பிடியுங்கள். அதற்குள் இரண்டு ஷாட் முடிந்தால் அதிர்ஷ்டம். ஒத்திகையை மதியமே முடித்துவிட வேண்டும்.

கத்தி நிஜமாக இருக்கக்கூடாது. கழுத்தில் கயிறு, நெருப்பு, ஆழத் தண்ணீர் இவை மூன்றையும் பயிற்சி பெற்றவர் இல்லாமல் தொடாதீர்கள். அலறல் காட்சிக்கு முன் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் போலீஸ் வரும்.

5. இருட்டைப் படமெடுப்பது

இருட்டில் எடுப்பதும் இருட்டாகத் தெரிய எடுப்பதும் வேறு வேறு. ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றி ஏற்றி எடுத்தால் இருட்டுக்குப் பதில் புள்ளி புள்ளியாகப் புழுதி கிடைக்கும். அறையில் ஒரே ஒரு வெளிச்சம் வையுங்கள், அது ஃப்ரேமுக்குள்ளேயே தெரியட்டும்: மேஜை விளக்கு, பாதி திறந்த கதவின் இடுக்கு, ஃபோன் திரை. முகத்தில் பாதிக்கு வெளிச்சம் விழ வேண்டும். மீதியைப் பார்ப்பவரின் கற்பனை நிரப்பிக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் 1/60. இல்லாவிட்டால் விளக்குகள் திரையில் துடிக்கும், எடிட்டில் சரிசெய்யப் படாத பாடு படவேண்டும்.

ஆட்டோ ஃபோகஸை அணையுங்கள். என் முதல் குறும்படத்தில் அதை மறந்தேன். பேய் வாசலில் நிற்கும் ஒரே ஷாட்டில் லென்ஸ் பேயை விட்டுவிட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைத் தேடிப் பிடித்து, அதன் எழுத்துகளைப் பளிச்சென்று காட்டியது. அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்க வீடு கிடைக்கவில்லை.

இனி கைக்காசுப் படத்துக்கென்றே பிறந்த ஒரு தந்திரம். விளக்கை அணைத்தால் வாசலில் ஒரு உருவம், போட்டால் காலி. டேவிட் சாண்ட்பெர்க் 2013இல் வீட்டிலேயே, மனைவி லொட்டா லோஸ்டனை நடிக்கவைத்து எடுத்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான 'லைட்ஸ் அவுட்' இந்த ஒரே எண்ணத்தில் நிற்கிறது. 2016இல் அது முழுநீளப் படமானது. நீங்கள் செய்து பார்க்க ஒரு வழி இதோ.

கேமராவை ட்ரைபாடில் வைத்து, கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மேனுவலில் பூட்டுங்கள். ஃப்ரேமின் வலப்பக்கம் சுவிட்ச் அருகே நடிகை, இடப்பக்கம் காலி வாசல். முதல் டேக்கில் அவர் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். இரண்டாவது டேக்கில் விளக்கு அணைந்தே இருக்கிறது, வாசலில் உருவம் மட்டும். எடிட்டில் நடுச்சுவரின் விளிம்பை ஒட்டி ஃப்ரேமை இரண்டாகப் பிரித்து, இருட்டாகும் ஒவ்வொரு முறையும் இடப்பாதியை மட்டும் இரண்டாவது டேக்கிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். நடிகையின் நிழலோ கையோ அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு டேக்குக்கும் நடுவே கேமராவை யாரும் தொடக்கூடாது. பேட்டரி மாற்றுகிறேன் என்று ஒருவர் நிச்சயம் வருவார். முழு பேட்டரியோடு தொடங்குங்கள்.

நடைக்கு இன்னொன்று. 'ரிங்கு' என்ற ஜப்பானியப் படத்தில் சடாக்கோ என்ற பேயின் மனித நடையே அல்லாத அந்த அசைவு, நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்து எடுத்து, எடிட்டில் திருப்பி ஓட்டியதில் வந்தது. உடம்பின் எடை தவறான நேரத்தில் காலில் இறங்குகிறது. ஏன் என்று தெரியாமலேயே பார்ப்பவருக்கு உறுத்தும். 'ஈவில் டெட்'டில் காட்டுக்குள் பாயும் சக்தியின் பார்வை வேண்டியிருந்தபோது, ஒரு மரப்பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரண்டு முனையையும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பலகை இன்றும் கிடைக்கிறது.

ரத்தத்துக்கு குளுக்கோஸ் சிரப், சிவப்பு உணவு நிறம், அது ஆரஞ்சாகத் தெரிந்தால் ஒரு சிட்டிகை கோகோ. குறைவாகப் பயன்படுத்துங்கள். பழிவாங்கும் கதைக்கு ரத்தத்தைவிடக் கறை உதவும்: துடைத்தும் திரும்ப வருகிற கறை.

6. பேயை எத்தனை முறை காட்டுவது?

குறைவாக. முழு உருவமாக இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். இரண்டாவது முறை காட்டும்போது அது யாரென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், பரிதாபமும் வரவேண்டும். முகத்தைக் கோரமாக்குவதற்குப் பதில், செத்த நாளன்று அவள் எப்படி இருந்தாளோ அப்படியே நிற்க வையுங்கள்: அதே உடை, பாதி பின்னிய தலை. குற்றவாளிக்கு அதைவிடக் கோரம் வேறில்லை.

7. காசு இருந்தால் எல்லாம் ஒலிக்கே

சுமாரான படத்தை ஜனங்கள் மன்னிப்பார்கள். வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். நல்ல மைக் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், படத்தை எந்தக் கேமராவில் எடுத்தாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவுசெய்யுங்கள். எடிட்டில் வசனங்களுக்கு இடையிலான பள்ளங்களை அதுதான் நிரப்பும். ஃப்ரிட்ஜை அணைக்கும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், வீட்டுக்காரரின் சாமான் கெடுவதற்குள் ஞாபகம் வரும். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் ஷூட்டிங் ஆட்களிடம் நெடுநாளாக இருக்கும் வழக்கம்.

பயத்தை ஒலியால் கட்ட எனக்குத் தெரிந்த சிறந்த வழி, இருக்கும் சத்தத்தை உருவுவது. காட்சி தொடங்கும்போது ஃபேன், கடிகாரம், தூரத்து வண்டிகள் எல்லாம் இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றாக, கவனிக்க முடியாத மெதுவில் குறையுங்கள். கடைசியில் கடிகாரம் மட்டும். அதுவும் நின்றால் திரையில் எதுவும் நடக்காமலே ஆள் நிமிர்ந்து உட்காருவார். 1942இல் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் தெருவில் தனியாக நடக்கிறாள், பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுபோகிறது, திடீரென்று ஒரு சீறல். வந்தது பஸ். அந்தக் காலத்துச் சிறு பட்ஜெட்டில் பிறந்த அந்தத் தந்திரத்தை இன்றும் எல்லோரும் கடன் வாங்குகிறார்கள். ஒரு படத்தில் ஒரு தடவை வாங்கினால் போதும்.

அடிவயிற்றை அதிரவைக்கும் தாழ்ந்த உறுமலை நம்பி முழுக் காட்சியையும் கட்டாதீர்கள். உங்கள் படத்தைப் பலர் ஃபோனில்தான் பார்ப்பார்கள். ஃபோன் ஸ்பீக்கரில் அந்த உறுமல் கேட்கவே கேட்காது. மூச்சு, துணி உரசல், நகம் மரத்தில் கீறுவது போன்றவை சின்ன ஸ்பீக்கரிலும் உயிரோடு வரும். எலும்பு முறிய வேண்டுமா? ஒரு கேரட்டை ஈரத்துணியில் சுற்றி மைக் அருகே மெதுவாக முறியுங்கள்.

8. எடிட், காகிதம்

எடிட்டில் ஒரே ஒரு பழக்கம்: வெட்ட நினைக்கும் இடத்துக்கு மேல் இரண்டு நொடி விட்டுப் பாருங்கள். ஆள் அறையை விட்டுப் போய்விட்டார், காலி நாற்காலி திரையில் இருக்கிறது, நீங்கள் வெட்டவில்லை. பார்ப்பவர் தானாகவே மூலை முடுக்கெல்லாம் தேடத் தொடங்குவார். ஒன்றும் வராமல் நாலு தடவை ஏமாற்றினால்தான் ஐந்தாவது தடவைக்கு மதிப்பு.

நடித்தவர்களின் சம்மதம், வீட்டுக்காரரின் கடிதம், இசைக்கான உரிமை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். நண்பன்தானே என்று விடாதீர்கள். 1968இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தின் பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். புதிய டைட்டில் அட்டையில் காப்புரிமையை அறிவிக்கும் வரி விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போட்டுக் காசு பார்த்தார்கள். ஒரு அட்டை, ஒரு வரி. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் வைப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

9. முதல் ஐந்து பேர்

உங்களைத் தெரியாத ஐந்து பேருக்குப் போட்டுக்காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து அவர்கள் முகங்களைப் பாருங்கள். யார் எந்த நிமிடத்தில் ஃபோனை எடுத்தார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று குறியுங்கள். முடிந்ததும் பயமாக இருந்ததா என்று கேட்க வேண்டாம், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "கடைசியில நீங்க யார் பக்கம் இருந்தீங்க?" என்று கேளுங்கள். ஐந்து பேரும் ஒரே பெயரைச் சொன்னால் முதல் தாளுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அவர்களுக்குள் வாக்குவாதம் கிளம்பினால் ஃபோன் எடுத்த நிமிடங்களை மட்டும் வெட்டிவிட்டு, வேறு ஐந்து பேரைத் தேடுங்கள். பழைய ஐவர் இனி உதவ மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.